பாவுக்குக் கஞ்சி, நீர்ப்பைக்குப் படலம்

எழுத்தறிவு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்புக்குரிய லட்சுமிநாராயணன் ஐயா அவர்களே! அறுபத்தொன்பது வயதுக்காரனின் கையைப் பிடித்து 'அ' போட வைத்த ஆசிரியை மேக்னா அவர்களே! தறிச் சத்தத்திலேயே வளர்ந்த சோமனூர்ப் பெரியோர்களே! தறியோடு தறியாக நின்று கால் கடுத்த தாய்மார்களே! முன்வரிசையில் ஒட்டி உட்கார்ந்திருக்கும் என் மனைவி ராமாமணியே, அவளை ஒரு நொடியும் விட்டு விலகாத சாஜிதா பேகம் அவர்களே! எல்லோருக்கும் வரதராஜுலுவின் வணக்கம்.

இந்தத் தாள் நானே எழுதியது. பதினொரு நாள் ஆயிற்று. மெதுவாகத்தான் படிப்பேன், யாரும் மணி பார்க்காதீர்கள்!

கல்வியின் பெருமையைப் பேசச் சொன்னார்கள். நான் பொறாமையின் பெருமையைப் பேசப் போகிறேன். பள்ளிக்கூடம் பக்கமே போகாதவனைப் பலகை முன் உட்கார வைத்தது எது? பொறாமை! யார் மேல்? இதோ, இந்த சாஜிதா அம்மணி மேல்! சிரியுங்கள், பரவாயில்லை.

எனக்கு நான்கு தறிக் கொட்டகை. ஓட்டுவது ராமாமணி. எங்கள் வீடு இரண்டு தெரு தள்ளி. கொட்டகைக்குப் பக்கத்து வீடு சாஜிதா வீடு. எதிரே டீக்கடை, அங்கே நான். தறிச் சத்தம் நின்றால் நிமிர்ந்து பார்ப்பேன். என் மனைவி அந்த வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருப்பாள். ஒரே நாளில் பதினான்கு முறை! கட்டியவனிடம் பதினான்கு வார்த்தை பேசாதவள், பக்கத்து வீட்டுக்குப் பதினான்கு முறை போனால் நெஞ்சு வேகாதா? நெருப்புப் பற்றாதா?

"ஏனம்மணி, அந்த ஊட்ல தேன் ஒழுகுதா?" என்று கேட்டேன்.

"நாலு வார்த்தை பேசிப்போட்டு வாரேனுங்க" என்றாள்.

"நாளைக்கு அஞ்சு தடவைக்கு மேல போனா தறியை வித்துப்போடுவேன்!"

மறுநாள் சரியாக ஐந்து முறை. என் அதட்டலுக்கு எத்தனை ஆற்றல் என்று மீசையை முறுக்கினேன். காலையில் கொட்டகையில் வைத்த தண்ணீர்ச் சொம்பு மாலையிலும் நிறைந்தே இருந்தது. பார்த்தேன், புரியவில்லை.

நான்காம் நாள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு தறியடியில் உட்கார்ந்தவள் எழவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் சாஜிதாதான். "பொம்பளைங்க சமாச்சாரம், நீங்க வெளிய இருங்கண்ணா" என்றார். அங்கேயும் எனக்குப் பொறாமை!

திரும்பி வரும்போது அவர்கள் கையோடு ஒரு நோட்டு வந்தது. ராமாமணி சொல்வாள், சாஜிதா எழுதுவார். "என்னத்த எழுதறீங்க?" என்றால், "உங்களுக்கு எதுக்குங்கண்ணா?" என்று மூடுவார். ஒருநாள் எடுத்துத் திறந்தேன். எல்லாம் எறும்பு வரிசை. அன்றைக்கு மாலையே மேக்னா அம்மாவின் வகுப்பில் சேர்ந்தேன்.

நான்கு மாதம் கழித்து, ஒரு மத்தியானம், எழுத்துக் கூட்டி முதல் பக்கத்தைப் படித்தேன். 'ஆறு மணி, வலி. ஆறே முக்கால், வலி. ஏழு இருபது, வலி அதிகம்.' டாக்டரம்மா குறித்து வைக்கச் சொன்ன, அவள் சிறுநீர் கழித்த நேரங்கள்! என் கொட்டகையில் கழிப்பறை இல்லாமல் அவர் வீட்டுக்கு ஓடிய நேரங்கள்! கீழே ஒரு வரி: 'அவர் திட்டுவார் என்று தண்ணீரே குடிக்கவில்லை.'

நான் படித்த முதல் வாக்கியம் அது, அன்பர்களே.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் நானும் உள்ளே போனேன். டாக்டரம்மா சொன்னார்: "மூத்திரப்பைக்கு உள்ள வழவழன்னு ஒரு படலம் இருக்குதுங்க. சிறுநீரோட உப்பும் காரமும் சதையில படாம, கிருமி சுலபமா ஒட்டாம அதுதான் காக்குது. இவங்களுக்கு அது கெட்டுப்போச்சு. டெஸ்ட்ல கிருமி இல்லை. ஆனா வலி நெசம்."

"பாவு நூலுக்குக் கஞ்சி போடறமே, அதாட்டமுங்களா?"

"அதேதானுங்க!"

"எதனால போச்சுங்க?"

"உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா தண்ணி குடிக்காம இருந்தா சிறுநீர் கெட்டியாகி இன்னும் எரியும்."

சைசிங் பட்டறையில் முப்பது வருடம் கஞ்சி போட்டவன் நான். கஞ்சியில்லாப் பாவு உரசும், பிசிறும், அறும் என்று ஊருக்கே சொன்னவன்! நூலின் நோவு தெரிந்த எனக்கு என் வீட்டு நோவு தெரிந்ததா? தறிக்கு இடம் விட்டேன், மோட்டாருக்கு இடம் விட்டேன். மனுஷிக்கு ஒரு கழிப்பறைக்கு இடம் விட்டேனா?

ஒரு தறியைக் கழற்றி, அந்த இடத்தில் கழிப்பறை கட்டினேன். இன்றைக்கு எனக்கு மூன்று தறிதான். கைதட்ட வேண்டாம், கொட்டகைக்காரர்களே! போய்க் கட்டுங்கள்! தாய்மார்களே, அடக்காதீர்கள், தாகத்தை மறைக்காதீர்கள், வலியை வாய்விட்டுச் சொல்லுங்கள்!

வாரம் ஒரு முறை மூத்திரப்பைக்குள்ளேயே மருந்து விடுகிறார்கள். அதற்கும் கஞ்சிதான் என்று வையுங்கள். மெல்ல மெல்லத் தேறுகிறாள். நோட்டு இப்போது என் கையில். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "முந்தின கையெழுத்துதான் நல்லா இருந்துச்சு" என்றார். எப்படி இருக்கும் எனக்கு?

முந்தாநாள் காலை ஒன்பது மணிக்குப் பேனாவோடு உட்கார்ந்தேன். பத்து ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. தறிச் சத்தம் நிற்கவே இல்லை. நான் எழுதிய பக்கங்களிலேயே எனக்குப் பிடித்தது, எழுத ஒன்றுமில்லாமல் போன அந்தப் பக்கம்தான்!

பன்னிரண்டுக்குச் சத்தம் நின்றது. ஓடினேன். ராமாமணி கழிப்பறையைத் தாண்டி, நேரே சாஜிதா வீட்டுக்கு நடந்தாள்.

"எங்க போறே, அம்மணி?"

"சும்மா, பேசறதுக்குத்தானுங்க."

இந்தப் பொறாமை எனக்கு ஆயுசுக்கும் இருக்கட்டும்! பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. நோட்டில் எழுதிக் காத்த சாஜிதா அம்மணிக்குத் தனி நன்றி, கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு. போய் ஆளுக்கொரு சொம்புத் தண்ணீர் குடியுங்கள். வணக்கம்.