கடதாசியில் நின்றவன்

பகல் பன்னிரண்டு மணி. ஹோக்ஸ்பரி ஆற்றோரம்… ஆளில்லாத மண் றோட்டு…

ஏன் சிரிக்கிறீர்கள்? பேய் ராத்திரியில்தான் வரவேண்டும் என்று யாராவது சட்டம் போட்டிருக்கிறார்களா? ராத்திரி நமக்குத்தான். கதிரைகளைக் கிட்ட இழுத்துப் போடுங்கள், இந்த ரோவில் ஊரில் குளிர் இன்னும் ஏறும். இது என் சிநேகிதியின் அக்கா வீட்டில் நடந்தது. சிட்னியில், டூங்கபி. அக்காவின் பெயர் கலா. அவருடைய புருஷன் யோகேஸ்வரன்.

யோகேஸ்வரன் பழைய கட்டடங்களைத் திருத்திக் கொடுக்கிற கொந்தராத்துக்காரர். கெட்டிக்காரர். ஒரு வினோதமான பொழுதுபோக்கும் அவருக்கு இருந்தது. வெள்ளைக்காரன் முதன்முதலில் நம் கோபுரங்களைப் படமெடுத்தானே, அதே முறையில் படம் எடுப்பார். பிலிம் கிடையாது, வெறும் கடதாசி. அதற்குத் தேன்மெழுகு ஏற்றி, வெள்ளி மருந்தில் தோய்த்து, காயவைத்து, பெரிய மரக் கமராவுக்குள் வைப்பார். மூடியைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அசையாமல் நிற்பது மட்டும்தான் படத்தில் விழும். நடக்கிற மனிதன் விழமாட்டான்.

அந்த ஆற்றங்கரையில் கோதுமை அரைத்த ஒரு பழைய மாவாலை. அதன் கூரையைத் திருத்தியது யோகேஸ்வரன்தான். கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடுவதற்குச் செப்புப் பீலி. அதைப் பொருத்தியவன் அவரிடம் வேலைசெய்த லதீஸ். படகில் வந்த பெடியன், விசா இன்னும் இழுபறி, எதிர்த்து ஒரு சொல் பேசமாட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலையை முடிக்கிற அவசரத்தில், இடுப்புக்குக் கயிறுகூடக் கொடுக்காமல் அவனைத் தனியே மேலே ஏற்றிவிட்டார் யோகேஸ்வரன். விழுந்து செத்துப்போனான்.

பொலிஸ் வந்து கேட்டது. மனுசன் கூசாமல் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு வேலையே இல்லை, செப்புக் களவெடுக்க ஏறியிருப்பான் என்று.

அவ்வளவுதான். செத்தவன் கள்ளனாகிவிட்டான். பிளாக்டவுன் தமிழ்க் கடைகளில் அவன் அக்கா கஜந்தியைக் கண்டால் சனம் மற்றப் பக்கம் பார்த்தது. ஒரு நாள் அவள் டூங்கபிக்கே வந்து வாசலில் நின்றாள்.

"அண்ணை, அவன் இனி வரப்போறதில்லை. களவெடுக்கப் போகேல்லை எண்டு மட்டும் ஒருக்கா எல்லாருக்கும் சொல்லிவிடுங்கோ. ஊரிலை அம்மா வெளியிலை தலைகாட்டேலாமல் இருக்கிறா."

"நான் அவனை அனுப்பேல்லைத் தங்கச்சி. போயிட்டு வாங்கோ."

கலா அக்கா குசினிக்குள் நின்று எல்லாம் கேட்டார். உண்மை அவருக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் அந்தக் கோபம் ஆறவில்லை.

வேலை முடிந்தது. ஆலைக்காரன் கேற்றைப் பூட்டினான். ஆனால் யோகேஸ்வரனிடம் அந்தப் பூட்டின் திறப்பு ஒன்று மிஞ்சிக் கிடந்தது. தான் திருத்திய கட்டடத்தை ஒரு படம் எடுத்து வரவேற்பறையில் மாட்ட ஆசை. போனார். பகல் பன்னிரண்டு மணி, நல்ல வெயில், தன்னந்தனி ஆள், கால் மணி நேரம். எடுத்துக்கொண்டு வந்து உடுப்புத் தோய்க்கிற அறையை இருட்டாக்கிக் கழுவினார்.

கழுவிக் காய்ந்த கடதாசியை இஸ்திரிப்பெட்டியால் தேய்ப்பது எப்போதும் கலா அக்காதான். சூட்டில் மெழுகு இளகி, தேன் வாசம் எழும்பி, கடதாசி கண்ணாடிபோல் தெளியும். அன்றைக்கு வேறொரு வாடையும் வந்தது… வியர்வையும் செம்பும். சில்லறையைக் கனநேரம் பொத்தி வைத்த கை மணக்குமே, அது.

வெளிச்சம் கறுப்பாக விழுகிற கடதாசி அது, நெகட்டிவ். வெயில் அடித்த சுவர் கறுத்திருந்தது. அதன் நடுவில், பீலிக்கு நேர் கீழே, வெளிறிப்போய் ஓர் ஆள்.

"அப்பா… இது லதீஸ்." புருஷனை அப்படித்தான் கூப்பிடுவார் கலா அக்கா.

"விசர்க்கதை கதையாதை. மருந்து பிசகியிருக்கு."

பிசகை மறைக்க ஒரு வழி உண்டு. பின்பக்கத்தில் கறுப்பு மை பூசினால் அதிலிருந்து அச்செடுக்கிற படத்தில் அந்த இடம் சுவரோடு சுவராகிவிடும். யோகேஸ்வரன் தூரிகையை எடுத்தார். தலை, தோள், கால்… ஆறுதலாக, அவசரப்படாமல் பூசினார். வாயால் ஒருதரம் அழித்தவனைக் கையாலும் அழித்தார், பாவி.

அடுத்த நாள் வெயிலில் படத்தை அச்செடுத்தார். சுவர் சுத்தம். ஆனால்… கூரை விளிம்பில், பீலிக்குப் பக்கத்தில், ஓர் ஆள் நின்றான். முதல்நாள் கடதாசியில் அங்கே ஒருவரும் இல்லை.

யோகேஸ்வரனுக்குப் பயம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. படத்தைக் கிழித்தெறிந்தார். ஞாயிற்றுக்கிழமை கமராவைத் தூக்கிக்கொண்டு திரும்பப் போனார். அதே பகல் பன்னிரண்டு மணி. அங்கிருந்து கலா அக்காவுக்குப் போன் எடுத்தார்.

"மூடி கழட்டியாச்சு… பொறு. மேலை ஆரோ தட்டுறாங்கள்."

கலா அக்காவுக்கும் கேட்டது. டொக்… டொக்… டொக். செம்பில் சுத்தியல்.

"ஆரடா அது? இறங்கடா கீழை!"

போனைக் கமராவின் மேல் வைத்துவிட்டு ஏணியில் ஏறினார். கமரா மூடியைப் போடவில்லை. நடமாடுகிறவன் படத்தில் விழமாட்டானே, பிறகென்ன? ஏணி கிறீச்சிட்டது. பிறகு அவர் குரல் கேட்கவில்லை. சுத்தியல் மட்டும். டொக்… டொக்… கால் மணி நேரம். கலா அக்கா "அப்பா, அப்பா" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

சுத்தியல் நின்றது.

அரிசி மூட்டை விழுந்ததுபோல் ஒரு சத்தம்.

பிறகு… காலடி. ஆறுதலாக, புல்லில், போனுக்குக் கிட்ட வந்தது. 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். போன் அறுந்தது.

லதீஸ் கிடந்த இடத்திலேயே யோகேஸ்வரன் கிடந்தார். கையில் ஒரு துண்டுச் செப்பு. பூட்டின கேற், ஞாயிற்றுக்கிழமை, முடிந்துபோன வேலை. களவுதான் என்றான் ஆலைக்காரன். பிளாக்டவுன் கடைகளிலும் அதே கதை. "அவர் களவெடுக்கப் போகேல்லை" என்று கலா அக்கா பார்க்கிற ஆட்களிடமெல்லாம் அழுதார். சனம் மற்றப் பக்கம் பார்த்தது.

பொலிஸ் கமராவைத் திருப்பிக் கொடுத்தது. கலா அக்கா ஒன்று கேட்டார்: மூடியை யார் போட்டது? நாங்கள் தொடவில்லை, போட்டபடிதான் இருந்தது என்றார்கள்.

கமராவுக்குள் கிடந்த அந்தக் கடதாசியை அவரே கழுவினார். தனியே. இஸ்திரிப்பெட்டியை வைத்தார். தேன் வாசம்… செம்பு வாடை… கூரை விளிம்பு மெல்லத் தெளிந்தது. இரண்டு பேர்.

யோகேஸ்வரன் நின்றார். சட்டைப் பொத்தான்கூடத் தெளிவு. வாய் பிளந்திருந்தது. பல் எல்லாம் எண்ணலாம். கால் மணி நேரமும் அந்த வாய் அசையவே இல்லை.

பக்கத்தில் லதீஸ், பீலியின் மேல் குனிந்தபடி. வலது கை மட்டும் புகைபோலக் கலங்கியிருந்தது. வேலை செய்துகொண்டிருந்திருக்கிறான்.

இடது கை தெளிவாக விழுந்திருந்தது. அது யோகேஸ்வரனின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.