தூதர் குடித்த காபி

— காபி ஆறுது மாப்ளே. எடுத்துக் குடி.

— நான் வந்த விஷயம் முடியட்டும் அத்தான்.

— ஓ, கோப்பையைத் தரையில வச்சிட்டியா? அப்ப பொண்டாட்டியோட தம்பியா வரல. கோரிக்கையோட வந்திருக்கே. சரி, கேளு ஹவாஸ்.

— பதினோரு லாரி உங்க சாவடியில ரெண்டு நாளா வெயில்ல நிக்குது. மாவு, பால்பவுடர், இன்சுலின். குளிர்பெட்டியில ஐஸ் கரைஞ்சுக்கிட்டே இருக்கு. ஆத்துக்கு அந்தப் பக்கம், ஊருக்குள்ள நாலு மாசமா ஒண்ணும் போகல.

— முந்தாநாள் உங்க தூதர் வந்தாரே, ஹென்ரிக்கோ என்னவோ. தங்கமான மனுஷன். அவர் எதுவும் கேக்கலையே.

— ஒரு மணி நேரம் கேட்டாரு. நான்தானே அரபியில மாத்திச் சொன்னேன்.

— அதுக்கு முன்னாடி என்ன செஞ்சாரு? கோப்பை கைக்கு வந்ததும் மடக்குன்னு குடிச்சாரு. இன்னொண்ணு வாங்கிக் குடிச்சாரு. மூணாவதையும் குடிச்சிட்டு, ஏலக்காய் வாசம் பிரமாதம்னாரு. எங்க கூட்டத்துப் பெரியவங்க பன்னெண்டு பேர் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. கோரிக்கை இருக்கிறவன் எங்கேயாவது குடிப்பானா?

— மரியாதைன்னு நினைச்சுக் குடிச்சாரு. காபியை வேண்டாம்னா இவங்க கோவிச்சுக்குவாங்கன்னு ஜெனீவாவுல யாரோ சொல்லி அனுப்பியிருக்காங்க.

— நீ பக்கத்துலதானே இருந்தே. கையைப் புடிச்சிருக்கலாம்ல?

— டமாஸ்கஸ்ல பத்து வருஷம் இருந்துட்டேன் அத்தான். அவர் ரெண்டாவது கோப்பையை எடுக்கும்போதுதான் எனக்கே உறைச்சுது. தப்பு என்னோடது.

— புரிஞ்சுக்க மாப்ளே. அன்னைக்கு வழி விட்டிருந்தா என்ன பேசியிருப்பாங்க? யாரும் கேக்காமலே குடுத்துட்டான், முத்லக் வெள்ளைக்காரனைப் பார்த்துப் பயந்துட்டான்னு கூடாரத்துக்குக் கூடாரம் சிரிச்சிருப்பாங்க. அப்புறம் இந்தப் பசங்க என் பேச்சைக் கேப்பாங்களா?

— அதனாலதான் இன்னைக்குத் தனியா வந்தேன். வெளியில உக்கார்ந்திருக்கிற பெரியவங்களும் நான் கோப்பையை வச்சதைப் பார்த்துட்டாங்க. இப்ப என்ன சொல்றீங்க?

— கல்யாணத்தன்னைக்கு அக்காவை விட மாட்டேன்னு என் கையைக் கடிச்ச பய நீ. எனக்கு எதிர்ல வந்து உக்கார்ந்து எவ்வளவு கெத்தாக் கேக்குறே பாரு. சந்தோஷமா இருக்குடா.

— எனக்குப் பயமாத்தான் இருக்கு. போர்நிறுத்தம் அஞ்சு மணி வரைக்கும்தான். மணி ரெண்டாச்சு.

— குடி. எல்லாருக்கும் கேக்கட்டும், சத்தமாவே சொல்றேன். ஹவாஸ் கேட்டான், முத்லக் குடுத்தான். பதினோரு லாரியும் இப்பவே கிளம்பலாம்.

— அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுசைக் குடுக்கட்டும் அத்தான். காபி ஆறினாலும் நல்லாத்தான் இருக்கு.

— அந்தப் பக்கம் எப்படி? சோதிப்பாங்களா?

— மூட்டை மூட்டையா. பதினோரு டிரைவர், கூட நான். பன்னெண்டு பேருக்கு மேல ஒரு தலை இருந்தாலும் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிடுவாங்க. இனிமே எந்த லாரிக்கும் வழி இருக்காது. தூதர் ஆறு வாரம் ரெண்டு பக்கமும் அலைஞ்சு வாங்கின கையெழுத்து அது. சரி, நான் கிளம்புறேன். என்ன அத்தான், உங்களுக்கு ஊத்தின காபியை நீங்க ஏன் கீழே வைக்கிறீங்க?

— இப்ப என் முறை. கிட்ட வா, மெதுவாப் பேசு. அந்தப் பக்க வாசல்ல தலைவனா நிக்கிறது யாரு?

— நாயிஃப். நம்ம நாயிஃப்தான். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு இருந்தேன்.

— மூணு வருஷமா அவன் பேரை இந்தக் கூடாரத்துல யாரும் சொன்னதில்ல. என் மகன்தான், ஆனா எதிரிகிட்ட போனவன். எனக்கு அந்த வைராக்கியம் போதும், கடைசி வரைக்கும் தாங்கும். பெத்தவளுக்குத் தாங்கல.

— அக்கா எங்கே அத்தான்?

— மேய்ச்சல் காட்டுலேருந்து ரெண்டு நாளா நடந்து வந்தா. அவ வந்து சேர்றதுக்குத்தான் லாரிகளை நிறுத்தி வச்சேன், காபியெல்லாம் சாக்கு. இப்ப கடைசி லாரியில மாவு மூட்டைகளுக்கு நடுவுல உக்கார்ந்திருக்கா. இறங்கச் சொல்றதுன்னா நீயே போய்ச் சொல்லு மாப்ளே, எனக்கு வாய் வரல.