மூடி திறக்காத சொட்டு மருந்து

"போன வாரம் வாங்கிக் குடுத்த பாட்டில் மூடிகூடத் திறக்கலையே, எங்கண்ணன் கண்ணுல இத்தனை நாளா என்னத்தக்கா ஊத்துனீங்க?" என்று கடிகாரக்காரரின் தங்கை தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். நான் வழக்கம்போலக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். கண் விஷயத்தில் சுத்தம் முக்கியம்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கடிகாரக்காரர் எங்கள் எதிர்வீடு. பதினைந்து வருஷம் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்தே இருந்த மனுஷர். தெருவில் நடந்ததை நான் ஒரு வரி சொல்ல ஆரம்பித்தால் இன்னும் குனிவார். இரண்டு கண்ணிலும் உள்வீக்கம் வந்து, கறுப்புக் கண்ணாடியோடு இருட்டறையில் உட்கார்ந்த பிறகுதான் அவர் வாயில் அந்தச் சொல் வந்தது: "அப்புறம்?" என் வீட்டில் முப்பது வருஷமாக என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

தங்கைக்கு வெளியூரில் வேலை. மணிக்கொரு சொட்டு விடும் பொறுப்பை என்னிடம் கொடுத்தாள். சிவப்பு மறைந்தாலும் நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் பார்வையே போய்விடும் என்று டாக்டர் சொன்னதை இரண்டு தடவை சொன்னாள். முதல் பாட்டில் தீரும்வரை ஒழுங்காகத்தான் விட்டேன். சிவப்பு வடிந்தது. அன்று, தெருக்கோடி வீட்டுக்காரி மாடி ஜன்னலில் நின்று யாருக்கோ கை காட்டிய கதையில் இருந்தேன். அவர் எழுந்துபோய்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தெருவைப் பார்த்தார்.

"அக்கா, அந்த வீட்டுக்கு மாடியே இல்லையே."

எனக்கு மனசு விட்டுப்போயிற்று. மறுநாளிலிருந்து தீர்ந்துபோன பாட்டிலில் நான் நிரப்பியது காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். ஒரு வேளை தவறியதில்லை.

"இப்பல்லாம் எரியவே இல்லையேக்கா" என்றார்.

"குணமாகுதுன்னு அர்த்தம், தம்பி."

நாலாம் நாள் எல்லாம் புகைமூட்டமாகத் தெரிகிறது என்றார். நான் கோடி வீட்டுக்கு இன்னொரு மாடி கட்டினேன். "அப்புறம்?" என்று கேட்டார். புது மருந்தில் ஒரு சொட்டுகூட நான் வீணாக்கவில்லை, மாட்டிக்கொண்டதே அதனால்தான்.

இடது கண் போயிற்று. தங்கை வீட்டைக் காலி செய்து அவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனாள். அங்கே கண் ஆஸ்பத்திரியில் சொட்டு விட்ட நர்ஸையே கட்டிக்கொண்டாராம். அவள் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாளாம். பாவம், அவருக்குப் பொழுது எப்படிப் போகிறதோ. வலது கண் மட்டும் நன்றாகத் தெரிகிறதாம்.

நான் நேரம் தவறாமல் பார்த்துக்கொண்டதில் அதுவாவது மிஞ்சியது.