உக்காந்து வாங்கற வாடகை

...இல்லம்மா, நீங்களே சொல்லுங்க. பத்தரைக்கு வீடு காட்டறேன்னு சொன்ன ஏஜென்ட் பத்தே முக்கால் ஆகியும் வரலன்னா அதுக்குப் பேரு தொழிலா? உள்ள வாங்க, உள்ள வாங்க. செருப்போட வந்தாலும் பரவாயில்ல, தரையை நான்தான் காலையில தொடச்சேன். நான் யாரா? வீட்டு ஓனர். அதாவது... நான் இங்க இருக்கக் கூடாது. ஏஜென்ட்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அந்த வீட்டுப் பக்கம் தலை வச்சும் படுக்க மாட்டேன்னு எங்கிட்ட எழுதியே வாங்கிட்டாரு மனுஷன். சாவியையும் பிடுங்கிட்டாரு. இதுவா? இது... வேற சாவி. ஆத்திர அவசரத்துக்குன்னு ஒண்ணு போட்டு வச்சிருந்தேன்.

சமையல் ரூம் இந்தப் பக்கம். தண்ணி எப்படி வருதுன்னு பாருங்க! எந்த வீட்டுல வரும் இப்படி, நாலாவது மாடியில? பாத்திரம் கழுவற தொட்டி ஓட்டையில தக்கையைப் போட்டுட்டேன், எவ்வளவு சீக்கிரம் நிரம்புதுன்னு நீங்களே பாப்பீங்க. நிரம்பட்டும், நாம ஹாலுக்குப் போவோம். ஜன்னலைப் பாருங்க, ஒரு விரலால தொறக்கலாம். எண்ணெய் போட்டது நான். கீலுக்கும் நான். அந்த பல்பு... சரி விடுங்க, எல்லாமே நான்தான்னு வச்சுக்கோங்க.

எனக்கு லிப்ட் மெக்கானிக் வேலைம்மா. முப்பத்தோரு வருஷம். சோத்துல கை வைக்கும்போதுதான் போன் வரும். ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவுல நாலு பேரு மாட்டிட்டாங்கம்பான். கை கழுவிட்டு ஓடுவேன். என் கல்யாணத்தன்னிக்கே ஓடியிருக்கேன்னா பாத்துக்கோங்க. ரிட்டையர் ஆகறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஹோட்டல் ஹால்ல இலவச வகுப்புன்னு போட்டிருந்தாங்க. பாசிவ் வருமானமாம். மைக்கைப் பிடிச்சவரு சொன்னாரு, நீங்க தூங்கும்போது உங்க வீடு உங்களுக்காக வேலை செய்யணும்னு. அட, நான் முழிச்சிருக்கும்போதே எனக்காக யாரும் வேலை செஞ்சதில்லையேன்னு நினைச்சேன். பக்கத்துல என் வீட்டம்மா. அவ என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா.

அவ ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல இருக்காம்மா. பெட்ஷீட் இஸ்திரி போடற வேலை. எட்டு மணி நேரம் நின்னுகிட்டே. சாயந்திரம் வந்து காலை பக்கெட்டுல வச்சான்னா கணுக்கால் எங்கன்னு தேடணும், அப்படி வீங்கியிருக்கும். வாடகை ஒழுங்கா ஒரு வருஷம் வந்தா அவ வேலையை விட்டுடலாம்னு பேச்சு. அதுக்குத்தான் இந்த வீடு. வேற எந்த ஆசையும் இல்ல, சத்தியமா.

சரி, ரிட்டையரும் ஆயாச்சு, வீடும் வாங்கியாச்சு. ஏஜென்ட் வந்தாரு, டை எல்லாம் கட்டிக்கிட்டு. சார், ஆளைப் பிடிக்கறது நாங்க, வாடகை வாங்கறது நாங்க, குழாய் ஒழுகினா ஆளை அனுப்பறது நாங்க, நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, ஒண்ணும் செய்யாம இருங்கன்னாரு. கேக்க எவ்வளவு நல்லா இருந்துச்சு! தலையை ஆட்டிட்டு வந்தேன். மறுநாள் காலையில எழுந்து உக்காந்தேன். வாசலைப் பாத்தேன். சுவரைப் பாத்தேன். மணி எட்டே காலுதான் ஆச்சு.

முதல்ல வந்தவரு ஒரு பல் டாக்டர். தங்கமான மனுஷன், சத்தமே இருக்காது. ஏழு மாசம் இருந்தாரு. ஏன் போனாருன்னே தெரியல. பால்கனி கதவு சரியில்லன்னு நினைக்கறேன். இல்ல, ஏஜென்ட் சரியா பேசியிருக்க மாட்டாரு. இந்தக் காலத்துல நன்றிங்கறது எங்கம்மா இருக்கு? அந்த டாக்டர் பாத்ரூம்ல ஷவர் தலையை மூணு தடவை கழட்டிக் கழுவியிருக்கேன் நான்! ஒரு தடவை அவரு உள்ள சோப்பு போட்டுக்கிட்டு இருக்கும்போதே, ஐயா, ஒரு நிமிஷம் தண்ணியை நிறுத்துங்கன்னு வெளிய நின்னு சொல்லி... சரி, அதை விடுங்க.

அடுத்தவரு வாட்ச்மேன். ராத்திரி டூட்டி, பகல்ல தூங்கணும். மூணே மாசம். எதிர்பாக்கவே இல்ல. ஜன்னல் கீல் கிரீச்சுங்குதே, தூக்கம் கெடுமேன்னு எண்ணெய்க் குப்பியோட போனேன். மணி அடிச்சா எழுந்துடுவாருன்னு அடிக்கல. பூனை மாதிரி போனேன். அவரு கண்ணைத் தொறந்தா, கட்டில் தலைமாட்டுல ஒருத்தன் எண்ணெயும் குறடுமா நிக்கறான். அவரு போட்ட சத்தத்துல கீழ் வீட்டு ஆளே ஏறி வந்துட்டாரு. வாட்ச்மேன்மா அவரு! அவரே இப்படிப் பயந்தா என்ன அர்த்தம்?

என்னம்மா பாக்கறீங்க கதவுக்குப் பின்னால? அது ஒண்ணுமில்ல... அட்டை. லிப்டுக்குள்ள பாத்திருப்பீங்களே, தேதி, பரிசோதிச்சது, சரியா இருக்கு, கையெழுத்துன்னு ஒரு அட்டை மாட்டியிருக்கும். மாசாமாசம் செக்கிங். அதே மாதிரி வீட்டுக்கும் ஒண்ணு மாட்டினேன். பழக்க தோஷம். படிக்காதீங்க, கையெழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருக்கும். ஆமா, அது மாசாமாசம் இல்ல. வாரா வாரம். ஆமா... அந்த வாரத்துல மூணு தடவை. மழை பெஞ்சுச்சு அப்ப.

சரி, கண்டுபிடிச்சுட்டீங்க. பல் டாக்டர் பால்கனிக் கதவால போகல. என்னாலதான் போனாரு. போகும்போது அந்த அட்டையோட அடி ஓரத்துல எழுதிட்டுப் போனாரு பாருங்க, பல்லுக்கு வைத்தியம் பண்றவன் நான்கூட ஆறு மாசத்துக்கு ஒரு தடவைதான் வரச் சொல்றேன்னு. நல்லாத்தான் எழுதியிருக்காரு. நான் அதுக்குப் பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டு வச்சிருக்கேன், பாத்தீங்களா? என்னை எல்லாம் எதுல சேக்கறது!

நாலு மாசமா வீடு காலி. நாலு மாசமா அவ நிக்கறா. ஏஜென்ட் முந்தாநாள் அவகிட்டயே சொல்லிட்டாரு, இன்னொரு தடவை உங்க வீட்டுக்காரரை உள்ள பாத்தா, வேற ஏஜென்டைப் பாத்துக்கோங்கன்னு. அவ என்னை ஒரு வார்த்தை திட்டல. பக்கெட்டுல தண்ணியை ஊத்திக்கிட்டு, நீங்க கொஞ்சம் சும்மா இருந்தா நான் கொஞ்சம் உக்காருவேன்னா. அவ்வளவுதான். அதைக் கேட்டப்புறமும் காலையில தரை தொடைக்க வந்து நிக்கறேனே, எனக்கு வெக்கமாத்தான் இருக்கும்மா.

பெட்ரூமைப் பாருங்க, நான் இங்கயே ஜன்னல் பக்கம் திரும்பி நிக்கறேன். தொந்தரவே பண்ண மாட்டேன். அலமாரிக் கதவை இழுக்கும்போது கொஞ்சம் மேல தூக்கி இழுக்கணும்... அம்மா? கேக்குதா? தூக்கி இழுங்க... அம்மா?

அட, லிப்ட் சத்தம். மூணு... ரெண்டு... எங்கயும் நிக்கல, நேரா கீழதான் போகுது.

அம்மா! இருங்கம்மா! படிக்கட்டு வழியா மேல பாருங்க, நான்தான் கத்தறேன்! நான் கிளம்பிட்டேன், பாருங்க, வெளிய வந்துட்டேன், கதவைச் சாத்திட்டேன்! கேட்டுச்சா? இனிமே நான் இந்தப் பக்கமே வர மாட்டேன்! நம்பிக்கை இல்லையா? இதோ சாவி, தெரியுதா? தபால் போடற ஓட்டை வழியா... உள்ள போட்டுட்டேன்! சத்தம் கேட்டுச்சுல்ல? எங்கிட்ட இருந்த ஒரே சாவி. முடிஞ்சுது. இனிமே நானே நினைச்சாலும் உள்ள போக முடியாது. நீங்க தைரியமா குடி வரலாம். முப்பத்தோரு வருஷத்துல முதல் தடவையா நான் ஒண்ணும் செய்யாம...

இருங்க. அது என்ன சத்தம்?

...தக்கை.

ஐயோ, தக்கையைப் போட்டேனே! குழாயைத் தொறந்து விட்டேனே!

அம்மா, போயிடாதீங்க! பக்கத்துல வர்றது யாரு, டை கட்டிக்கிட்டு? ஏஜென்ட் சாரா? சார், வணக்கம் சார். சாவி வச்சிருக்கீங்கல்ல? கொஞ்சம் ஓடி வாங்க சார், கதவுக்கு அடியில தண்ணி வர ஆரம்பிச்சிருச்சு. யாரு தொறந்ததுன்னு அப்புறம் பேசிக்கலாம்... என் வீட்டம்மாகிட்ட மட்டும் நான் உள்ள இருந்தேன்னு சொல்லிடாதீங்க சார். வந்து நீங்களே பாருங்க, நான் வெளியதான் நிக்கறேன்.