இரண்டு சொல்லுக்கு நடுவே ஒரு கோடு

பால் கலக்காத இந்தப் பிளேன்டீயில் சீனி அளவாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. இந்தக் குளிருக்கு இதமாக இருக்கிறது. நீங்கள் கேட்பதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். ஆனால் என் தொழிலைப் பற்றி ஒன்றும் தெரியாமல் என்னைக் குற்றவாளி என்று முடிவு கட்டாதீர்கள்.

என் பெயர் முத்துலிங்கம். தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு உதவி செய்கிற ஒரு நிறுவனத்தில் ஆங்கிலக் கடிதங்களைத் திருத்துவது என் வேலை. என் கையெழுத்தில்லாமல் ஹட்டன் அலுவலகத்திலிருந்து ஒரு தாள்கூடக் கொழும்புக்குப் போகாது. நானும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவன்தான். பிழையான ஆங்கிலத்தோடு போய் நின்றால் கொழும்பில் நம்மைப் பார்த்து எப்படிச் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் சொற்களைச் சேர்க்க நடுவே ஒரு சின்னக் கோடு போடுவார்கள். நம் ஆட்கள் அதைச் சட்டை செய்வதே இல்லை. பேர்பெற்ற என்று சொல்ல ‘வெல்’, ‘நோன்’ என்ற இரண்டும் சேர்ந்து ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் கோடு வேண்டும். அதே இரண்டும் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வந்தால் வேண்டாம். ‘ஹைலி’ போல ‘லி’யில் முடிகிற சொல்லோடு கோடு சேரவே சேராது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது, ஐயா. எழுதியவன் படித்தவனா, படித்தவன்போல் நடிப்பவனா என்று அந்தக் கோடே சொல்லிவிடும்.

இனி சுலக்ஷனா. தோட்டம் தோட்டமாகப் போய் நிலைமையைப் பார்த்து எழுதுகிற பிள்ளை. கெட்டிக்காரிதான், இல்லை என்று சொல்லமாட்டேன். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டமொன்றில் மேல் லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, மழை பிடிப்பதற்குள் ஆட்களை இறக்க வேண்டும் என்று அறிக்கை எழுதிக் கொண்டுவந்தாள். கொழும்பு அதைப் பார்த்து அதிகாரிகளிடம் பேசினால்தான் பாடசாலையைத் திறந்து அவர்களைத் தங்கவைப்பார்கள். அதுவரை அந்தச் சனத்துக்குப் போக்கிடம் இல்லை.

‘மண்சரிவு அபாயமுள்ள லயம்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதிய இடத்தில் கோடு இல்லை. ‘நீண்டகாலத் தீர்வு’ என்ற இடத்திலும் இல்லை. சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

“சேர், கோடு பொறகு போட்டுக்கலாங்க,” என்றாள். “வெடிப்புக்குள்ள என் கை முழுசா போகுது.”

“மலை எங்கயும் ஓடிறாது, புள்ள. கோட்டப் போட்டுட்டு வா.”

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அவளோ பதறிப்போய், அடுத்த தடவை கண்ட கண்ட இடத்திலெல்லாம் கோடு போட்டுவந்தாள். ‘ஹைலி’க்குப் பின்னாலும் ஒன்று. அதையும் திருப்பினேன். முழங்கால் வரை சேற்றோடு நின்றவள், தாளை வாங்கிக்கொண்டு போனாள். அந்த இரண்டு தடவையும் என்மேல் யாரும் குறை சொல்ல முடியாது.

இதற்கிடையில் கொழும்பு அலுவலகத் தலைவர் தொலைபேசியில் பேசினார். சுலக்ஷனா நன்றாக எழுதுகிறாளாம். அடுத்த வருஷம் திருத்துகிற வேலையை அவளிடமே கொடுத்துவிடலாமாம். நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான். எனக்கு வயிறு எரிந்தது. எரியாது என்று சொல்பவன் பொய்யன். ஆனால் அந்த எரிச்சலில் நான் எதையும் செய்யவில்லை; அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். செய்ததெல்லாம் மொழிக்காக.

மழை பிடித்தது. என் தங்கை பூரணியும் அந்த மேல் லயத்தில்தான் இருந்தாள். ஒரு வேனில் போய் அவளையும் பிள்ளைகளையும் கூட்டிவந்தேன். கூடப்பிறந்தவள், எந்த அண்ணனும் செய்வதுதான்.

“என்னண்ணே திடீர்னு? பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமி அக்காகிட்டயாவது சொல்லிட்டு வாறேன்.”

“மலையப் பத்தி ஒண்ணும் பேசாத. வீணா பயப்படுவாங்க. கல்யாணத்துக்குப் போறோம்னு சொல்லு.”

நாகலெட்சுமி வாசல் வரை வந்தாள். “நல்லபடியா போயிட்டு வாங்க. கோழிய நான் பாத்துக்கிறேன்,” என்றாள். பிள்ளைகளுக்கு வழிக்கு ரொட்டி சுற்றிக் கொடுத்தாள். நல்ல மனுஷி. வேனில் இன்னும் இடம் இருந்தது.

மறுநாள் விடியும்போது மலை இறங்கிவிட்டது. நாகலெட்சுமி குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை. பூரணி என் வீட்டுச் சோற்றைத் தொடாமல் பிள்ளைகளோடு வெளியேறிவிட்டாள். நன்றி கெட்டவள். வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருக்கிற சுலக்ஷனா என்னைக் கொலைகாரன் என்கிறாள். மலையை நானா தள்ளினேன்? மழையை நானா பெய்யவைத்தேன்? பிழை திருத்தியவனைப் பிடித்து உள்ளே போட எந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது?

சரி, கேளுங்கள். மூன்றாவது தடவை அவள் கொண்டுவந்த தாளில் என்ன பிழை இருந்தது என்றா? பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வரி வரியாகத் தேடினேன், ஐயா. ஒரு கோடு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் எழுதியிருந்தாலும் அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. “இன்னும் பிழை இருக்கு, வச்சிட்டுப் போ,” என்று அவளை அனுப்பிவிட்டு, மேசை லாச்சியை இழுத்து அதை உள்ளே போட்டுப் பூட்டினேன். பூட்டிய பிறகுதான் வேன்காரனுக்குப் போன் பண்ணினேன்.