பதினாறு மில்லிமீட்டர்

தேநீரில் சர்க்கரை சரியாக இருக்கிறது, பாஷா. காவல் நிலையத்தில், அதுவும் ஓர் அதிகாரியிடம், இதை எதிர்பார்க்கவில்லை.

என் வேலை படம் துடைப்பது. பொறியாளர்கள் கணினியில் வரையும் படத்தில் அளவு, குறிப்பு, இரட்டைக் கோடு என்று குப்பை நிறைய இருக்கும். லேசருக்குப் படிக்கத் தெரியாது, இருப்பதையெல்லாம் வெட்டிவிடும். வெட்டுக்கோட்டை மட்டும் விட்டு மற்றதை அழிப்பேன். தகட்டின் தடிமனை விலைத்தாளில் எழுதி, லேசர் கடைக்கு அனுப்புவேன். பதினான்கு வருஷத்தில் ஒரு தகடு வீணானதில்லை.

கெய்ரோவில் பென்சில் பிடித்தவனெல்லாம் 'பாஷ்முஹந்திஸ்', தலைமைப் பொறியாளர்தானே. பட்டம் இல்லாத என்னையும் பட்டறையில் அப்படித்தான் அழைத்தார்கள். போன வருஷம் வந்த பொறியாளர் ஹாஸிம்தான், மினிபஸ் ஓட்டுகிறவனைக் கூப்பிடுவதுபோல், எல்லார் முன்னாலும் 'உஸ்தா' என்றார்.

"உஸ்தா, நீ துடைச்சு அனுப்பினாப் போதும். யோசிக்கத்தான் எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க."

சிரித்தார்கள். அன்றிலிருந்து அவரை வெறுத்தேன்.

புதுப் பாரந்தூக்கிக்கான கொக்கித் தகட்டை அவரே வரைந்தார். ஓரத்தில் பதினாறு மில்லிமீட்டர் என்று குறித்திருந்தார். துடைத்தேன். விலைத்தாளில் எட்டு என்று எழுதினேன். விலை பாதியாக வந்தது. தன் பேரம் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

புது இயந்திரம் வந்தால் பட்டறையில் ஆடு வெட்டுவோம். முதல் பாரம் மேலே போனதும், அந்த ரத்தத்தில் நனைத்த கையைப் பாரத்தின் அடியில் பதிக்க வேண்டும். வரைந்தவர்தான் பதிப்பது வழக்கம்.

தகடு வந்ததும் கிடங்குக்காரர் அத்வா மாமா என்னிடம் வந்தார். "பாஷ்முஹந்திஸ், மெலிசா இருக்கே, பாத்தியா?"

"படம் பாத்தது நீங்களா, நானா மாமா?"

"நீதான்யா. நீ சொன்னா சரிதான்" என்று மாட்டப் போய்விட்டார்.

முதல் பாரம் தூக்கும் அன்று ஹாஸிம் வெள்ளைச் சட்டையில் வந்தார். "சட்டை பாழாயிடும் மாமா. நீங்களே வைங்க."

அத்வா மாமா பூரித்துப்போனார். ரத்தக் கையோடு இரண்டு டன் இரும்புச் சுருளுக்கு அடியில் போய் நின்றார். வாயைத் திறக்க எனக்கு நேரம் இருந்தது. திறந்திருந்தால், 'படம் துடைக்கக்கூடத் தெரியாத உஸ்தா' என்று ஹாஸிம் சிரித்திருப்பார். தகடு கிழிந்தது. சுருளைத் தூக்க வேறு பாரந்தூக்கி வர ஒரு மணி நேரமானது.

எழுதிக்கொள்ளுங்கள், பாஷா. ஹாஸிமைக் கொல்லத்தான் எட்டு எழுதினேன்; மறுக்கவில்லை. அத்வா மாமாவுக்கு நான் ஒன்றுமே செய்யவில்லை.