மூன்றாவது போர்பனுக்கு வைத்த சுக்கா

போர்பனில் ஐஸ் போட்டுக் குடிப்பவர்கள்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, சார். நம் ஊர் வெயிலுக்கு அது தப்பும் இல்லை. ஆனால் ருசி பார்ப்பதென்றால் ஐஸ் ஆகாது. குளிர்ந்தால் வாசனை அடங்கிவிடும். நாலு சொட்டுத் தண்ணீர் போதும்.

ஜங்ஷனில் குமரகுருபரன் முதலாளியின் ஹோட்டலில் இருபத்திரண்டு வருடமாக பாருக்கு நான்தான் பொறுப்பு. நமச்சிவாயம் என்றால் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் முட்டைகூட ஏறாது. நானும் கறி மீன் தொட்டதில்லை. மதுவையும் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவேன்.

போன வருடம் முதலாளி போர்பன் விருந்து ஒன்று நடத்தலாம் என்றார். மக்காச்சோளத்தில் காய்ச்சி, உள்பக்கம் கருக்கிய புதுப் பீப்பாயில் ஊறவைக்கிற அமெரிக்க விஸ்கி அது. அதில் ஐந்து வகை, ஒவ்வொன்றுக்கும் நம் பக்கத்துச் சாப்பாடு ஒன்று. முதல் கோப்பைக்கு உடன்குடிக் கருப்பட்டி என்று நான்தான் சொன்னேன். முதலாளிக்குப் பிடித்திருந்தது. அப்போது சமையலறையிலிருந்து ஜாபேஸ் வந்தான். மெஞ்ஞானபுரத்துப் பையன். இருபத்தொன்பது வயது, வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம். ஒரு மிடறு குடித்தான், ஒரு துண்டு கடித்தான்.

“அண்ணாச்சி, இனிப்புக்கு இனிப்பு வச்சா ரெண்டும் செத்துப் போவுது. கொஞ்சம் சுக்கும் உப்பும் தட்டிப் போட்டுப் பாருங்க.”

போட்டுப் பார்த்தோம். சரியாக இருந்தது. சரியாக இருந்தது என்பதை நான் மறைக்கவில்லை, சார். கருப்பட்டிக்குப் பின்னால் அந்தப் பீப்பாயின் புகை பைய எழுந்து வந்தது. அத்தனை வருடத்தில் எனக்கு அது வந்ததே இல்லை.

முதலாளி அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “நமச்சிவாயம், நீங்க பாட்டில், கிளாஸெல்லாம் பாத்துக்கிடுங்க. ருசி இவன் சொல்லட்டும்.”

அன்றிலிருந்து அப்படித்தான் நடந்தது. நான் ஊற்றுவேன், அவன் சொல்வான். திமிராகச் சொல்லமாட்டான். “அண்ணாச்சிக்கு எப்படித் தோணுது?” என்று கேட்டுவிட்டுத்தான் சொல்வான். அவன் கேட்கும்போது எனக்கு ஒன்றும் தோன்றாது. வீட்டில் என் மனைவி விஜயஸ்ரீகூட, அவன் கொடுத்தனுப்பிய சுக்குக் கருப்பட்டியைத் தின்றுவிட்டு, “அந்தப் பையனுக்கு நாக்கு சாமி குடுத்தது” என்றாள். நான் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டேன்.

இறால் அவனுக்கு ஆகாது. சின்ன வயதில் ஒருமுறை தொண்டை அடைத்துப் பிழைத்தானாம். அதற்கான ஊசி மருந்து எப்போதும் அவன் பையில் இருக்கும். தனக்கு ஏதாவது ஆனால் எடுத்துத் தர வேண்டும் என்று அது இருக்கும் இடத்தை என்னிடம் மட்டும் காட்டியிருந்தான்.

விருந்துக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, கடைசி ஒத்திகை. காலையில் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். வாழ்க்கையில் முதல்முறை. காய்ந்த கூனி இறால் கொஞ்சம் வாங்கிப் பொடித்தேன். அந்த நாற்றம் போக ஆற்றில் இரண்டு முறை முங்கிவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். மூன்றாவது போர்பனுக்கு ஆட்டுச் சுக்கா. மிளகும் புகையும் மற்ற வாசனையை மூடிவிடும் என்று நினைத்தேன்.

மூடவில்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு துண்டை மென்றவன் நிறுத்தினான்.

“அண்ணாச்சி, இதுல ஏதோ கடல் வாசம் அடிக்கி.”

“அது போர்பன்ல உள்ளதுதாம்லே. சில பீப்பாயில உப்பு வாடை வரும். நல்லா மென்னு பாரு” என்றேன்.

“அப்படியா அண்ணாச்சி” என்று இன்னொரு துண்டு எடுத்துப் போட்டுக்கொண்டான். ருசி விஷயத்தில் அவன் என் வார்த்தையைக் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

கொஞ்ச நேரத்தில் உதடு தடித்தது. பையை எடுத்துக் கவிழ்த்தான். மருந்து என் மேஜை டிராயரில் இருந்தது. பேச்சு வராமல் என்னைப் பார்த்து, கையால் ஊசி போடுவதுபோலக் காட்டினான். நானும் அவனோடு சேர்ந்து தேடினேன். ஆம்புலன்ஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது உயிர் போய்விட்டது. அவன் கை என் கையில்தான் இருந்தது.

மசாலா அரைக்கும் உலகம்மாள், இறால் அரைத்த ஜாரைக் கழுவாமல் விட்டுவிட்டாள் என்று முடிவு செய்தார்கள். “நான் கழுவுனேன் சார், ரெண்டு தடவ கழுவுனேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வேலை போயிற்று. இப்போது மேலப்பாளையத்தில் பீடி சுற்றுகிறாள். போன வாரம் பஸ்ஸில் பார்த்தேன். “அண்ணாச்சி, நான் கழுவத்தான செஞ்சேன்?” என்று என்னிடம் கேட்டாள். அவள் பாவம் எனக்கு வேண்டாம். அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். வேறு காரணம் இல்லை.

விருந்தை ஒரு மாதம் தள்ளி நடத்தினார்கள். அவன் எழுதிவைத்த குறிப்புகளை என்னையே வாசிக்கச் சொன்னார் முதலாளி. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மறுநாள் அவன் படத்தைப் பெரிதாக்கி பாரில் மாட்டினார்கள், நான் நின்று ஊற்றுகிற இடத்துக்கு நேர் எதிரில். கையில் கிளாஸோடு சிரித்துக்கொண்டு நிற்கிறான். வருகிறவர்கள் எல்லாம் யார் இது என்று கேட்கிறார்கள். நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

உலகம்மாளுக்கு வேலை திரும்பக் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் கேட்க நினைத்தது ஒன்றுதான். இது வழக்கானால், அந்தப் படத்தைக் கழற்றிவிடுவார்கள், இல்லையா சார்?